முதல் வேலைக்குத் துணி வாங்கணும்: யூனிக்லோ, எச் அண்ட் எம், ஸாராவா இல்ல தேக்காவா?

பெரியவளுக்கு முதல் வேல கெடச்சிருக்கு, இங்க சிங்கப்பூர்ல ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கம் ஆபீஸ், சேர்றதுக்கு மூணு வாரம் தான் இருந்துச்சு. பள்ளிக்கூட யூனிஃபார்ம், அப்புறம் பாலிடெக்னிக்ல டீஷர்ட் ஜீன்ஸ், இதுலயே வளந்த பிள்ள, ஆபீஸுக்குன்னு போட்டுக்க ஒரு சட்ட கெடையாது. 400 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், எடுத்து வச்சேன். எங்க போய் வாங்கலாம்னு கேட்டது தான் தாமதம், வீட்ல ஆளுக்கு ஒரு கட்சி. யூனிக்லோ, எச் அண்ட் எம், ஸாரா எல்லாம் ஆர்ச்சர்ட் ரோட்லயே இருக்கு, ஒரு சனிக்கிழமைல முடிஞ்சிரும்னு பிள்ள சொல்லுது. என் அண்ணி திருப்பூர்ல பொறந்து வளந்தவங்க, அந்தப் பெரிய கடைங்க பக்கமே போகாதன்றாங்க. எங்கம்மா, லிட்டில் இந்தியாவுல இருக்குற தேக்கா சந்தை மேல்மாடியில கெடைக்காத துணியான்னு கேக்குறாங்க. மூணு பேர் சொல்றதுலயும் விஷயம் இருக்கு, அதனால தான் இத இவ்ளோ நீளமா எழுதுறேன், பிள்ளைங்கள முதல் வேலைக்கு அனுப்புற மத்த வீடுகளுக்கும் உதவும்.

எங்கம்மாவப் பத்தி முன்னாடியே சொல்லிடறேன், ஏன்னா கடைசில முடிவு பண்ணது அவங்க கை தான். 1970கள்ல காலாங் பக்கம் அடுக்குமாடித் தொழிற்சாலைங்க இருந்துச்சு, அதுல ஒரு சட்டக் கம்பெனில அம்மா ஆறு வருஷம் வேல பாத்தாங்க, முழுக்க காலர் தையல். இங்கேருந்து அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் துணி போயிட்டிருந்த காலம் அது. 1974ல வந்த கோட்டா ஏற்பாட்டுல எந்த நாடு எவ்ளோ துணி அனுப்பலாம்னு கணக்கு வச்சிருந்தாங்க, அது 2004 கடைசி வரைக்கும் ஓடுச்சு, ஆனா அதுக்கு ரொம்ப முன்னாடியே இங்க கூலி ஏறி, தையல் வேல எல்லாம் கூலி கம்மியான நாடுகளுக்குப் போயிருச்சு. அம்மாவும் வேற வேலைக்கு மாறிட்டாங்க. ஆனா கடையில ஒரு சட்டய எடுத்தா இன்னிக்கும் விலைய பாக்க மாட்டாங்க, மொதல்ல உள்பக்கத்த வெளிய திருப்பிடுவாங்க. அக்குள்கிட்ட தையலுக்கு ரெண்டு பக்கமும் கட்டவெரல வச்சு மெதுவா இழுத்துப் பாப்பாங்க, நடுவுல பல்லு மாதிரி நூல் தெரிஞ்சு வெளிச்சம் வந்துச்சுன்னா தையல் தூரம் தூரமா ஓடியிருக்குன்னு அர்த்தம், பேசாம திருப்பி மாட்டிருவாங்க. அடுத்து ஓரத்துல உள்ள எவ்ளோ துணி விட்டிருக்காங்கன்னு பாப்பாங்க, பின்னாடி உடம்பு கொஞ்சம் போட்டா பிரிச்சு விட முடியுமா முடியாதான்றது அதுல தான் இருக்கு. அப்புறம் காஜா ஓரம் பிசிறு தட்டியிருக்கா, கோடு போட்ட சட்டையா இருந்தா தோள்கிட்டயும் பக்கவாட்டுலயும் கோடு ஒண்ணோட ஒண்ணு சேருதா. இவ்ளோ தான், ஒரு சட்டைக்கு ஒரு நிமிஷம் கூட ஆகாது.

அந்த சனிக்கிழமை மூணு தலைமுறையா ஆர்ச்சர்ட் போனோம். ஒரு கடையில பக்கத்துப் பக்கத்துல தொங்குன ரெண்டு சட்ட, ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே விலை, ஒண்ணு அம்மா இழுத்தும் அசையல, இன்னொண்ணுல தோள்பட்டகிட்ட தையலே ரெண்டு எடத்துல விட்டுப் போயிருந்துச்சு. கடை ஒண்ணு, விலை ஒண்ணு, தச்ச எடம் வேற, லேபிளப் பாத்தா ஒண்ணு வியட்நாம் இன்னொண்ணு வேற நாடு. அதனால இந்த பிராண்ட் தரம், அந்த பிராண்ட் குப்பைன்னு மொத்தமா பேசுறத நான் அன்னியோட விட்டுட்டேன். நாட்டு பேர வச்சும் சொல்ல முடியாது, போன வருஷம் எனக்கு வாங்குன ரெண்டு சட்டைல இது அப்படியே தலைகீழா இருந்துச்சு.

ஆனா கடைங்களுக்குள்ள குணம் வேற வேற, அது தெரிஞ்சிருந்தா நல்லது. யூனிக்லோ சிங்கப்பூருக்கு 2009ல வந்துச்சு, மொத கடை தெம்பனீஸ் ஒன்ல. அவங்க வழக்கம் என்னன்னா அதே பேன்ட், அதே சட்ட வருஷா வருஷம் சின்ன மாத்தத்தோட திரும்ப வரும். ஆபீஸ் துணிக்கு இது பெரிய வசதி, ஒரு பேன்ட் பொருந்திருச்சுன்னா அடுத்த வருஷம் போய் அதே பேர் சொல்லி எடுத்துக்கலாம். ஸாரா இதுக்கு நேர் எதிர். 1975ல ஸ்பெயின்ல ஆரம்பிச்ச கடை, வாரத்துக்கு ரெண்டு தடவ கடைங்களுக்குப் புது சரக்கு அனுப்புறது தான் அவங்க தொழில் ரகசியம்னு எல்லாரும் சொல்றது, இன்னிக்குப் பாத்தது பதினஞ்சு நாள் கழிச்சு இருக்காது. கட்டிங் அழகா இருக்கும், பிள்ள ஒரு பிளேசர் போட்டுப் பாத்துச்சு, கண்ணாடியில பாக்க வளந்த பொண்ணு மாதிரி நின்னுச்சு, எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. ஆனா இப்ப எடுக்கலன்னா போயிரும்ன்ற அவசரத்துலயே வாங்க வைக்கும், மாசச் சம்பளத்த முதல் தடவ கையில வாங்கப் போற பிள்ளைக்கு அந்தப் பழக்கம் வர வேணாம்னு எனக்குத் தோணுச்சு. எச் அண்ட் எம் 2011ல ஆர்ச்சர்ட்ல தொறந்தப்ப வரிச நின்னாங்க, அது இது ரெண்டுக்கும் நடுவுல, விலை கம்மி, ரகம் ஜாஸ்தி, அதுல நல்லத தேடி எடுக்க பொறுமை வேணும்.

அளவு விஷயத்துல எங்க பிள்ளைக்கு நடந்தத சொல்றேன். உயரம் அஞ்சடி ஒண்ணு, இடுப்புக்குக் கீழ நம்ம ஊர் ஒடம்பு. ஐரோப்பா கடை பேன்ட் இடுப்புல சரியா இருந்தா கால்ல ஒரு சாண் தரையில கெடக்கும். யூனிக்லோல உயரம் கிட்டத்தட்ட சரி, ஆனா முன்னாடி பட்டன் வச்ச சட்ட எல்லாம் நெஞ்சுகிட்ட விரியும், ஒரு சைஸ் பெருசா எடுத்தா தோள் எறங்கிரும். நம்ம பொண்ணுங்க நெறைய பேருக்கு இருக்குற பிரச்சன இது, இதனாலயே பட்டன் சட்டய விட்டுட்டு, தலைவழியா போடுற பிளவுஸ் மூணு எடுத்தோம்.

துணி என்ன துணின்னும் பாருங்க. வீட்லேருந்து எம்ஆர்டி ரயில் ஸ்டேஷன் வரைக்கும் நடந்தாலே முதுகு நனையுற ஊர் இது, உள்ள போனா ஆபீஸ்ல குளிரு. யூனிக்லோல ஏரிஸம்னு போட்டதெல்லாம் பருத்தின்னு நெறைய பேர் நெனக்கிறாங்க, அது செயற்கை இழை, ஏரிஸம் காட்டன்ற பேர்ல வர்றது கூட கலவை தான். உள்ள போட்டுக்க நல்லாத்தான் இருக்கு, வேர்வ சீக்கிரம் காயுது, நான் குத்தம் சொல்லல. ஆனா மேல போடுற சட்ட முழு பாலியஸ்டரா இருந்தா மத்தியானத்துக்குள்ள அக்குள்ல வாட வந்துரும், தொவச்சாலும் அது முழுசாப் போறதில்ல. இடுப்புப் பக்கம் உள்ள தச்சிருக்குற குட்டி லேபிள்ல எவ்ளோ பருத்தி எவ்ளோ மத்ததுன்னு சதவீதம் போட்டிருக்கும், வெளிய தொங்குற பெரிய அட்டய விட்டுட்டு அதப் படிங்க.

இப்ப அண்ணி பக்கம். இவங்க சொன்னத நான் லேசா எடுத்துக்கல. நொய்யல் ஆறு சாயத்தண்ணில செத்தத நேர்ல பாத்தவங்க, அவங்க அப்பா தோட்டத்துக் கெணறு வண்ணத்தண்ணியா மாறுனத சொல்லும்போது இன்னும் கொரல் ஒடையும். 2011 ஜனவரில சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகள மூடச் சொல்லி, கழிவுநீர ஒரு சொட்டு கூட வெளிய விடாம சுத்திகரிச்சா தான் தொறக்கலாம்னு ஆகி, ஊரே நின்னு போன நாள் எல்லாம் அவங்களுக்கு ஞாபகம் இருக்கு. அதுக்கு ரெண்டு வருஷம் கழிச்சு, 2013 ஏப்ரல் 24, பங்களாதேஷ்ல ராணா பிளாசா கட்டடம் இடிஞ்சு 1,100 பேருக்கு மேல செத்தாங்க, நெறைய பேர் சின்னப் பொண்ணுங்க. செவுத்துல விரிசல்னு மொத நாளே தெரிஞ்சும் உள்ள அனுப்பினாங்க, ஏன்னா ஆர்டர் அனுப்ப வேண்டிய தேதி. அண்ணி கேக்குறது இது தான், 15 வெள்ளிக்கு ஒரு சட்ட இங்க தொங்குதுன்னா அந்த 15ல கடை வாடக, கப்பல், விளம்பரம், லாபம் எல்லாம் போக தச்சவளுக்கு என்ன மிஞ்சும்?

நான் திருப்பிச் சொன்னது, அப்ப தேக்காவுல வாங்குற குர்தியும் இணையத்துல வாங்குறதும் யார் தச்சதுன்னு நமக்குத் தெரியுமா? பெரிய கம்பெனிங்கள்ல சிலது எந்தத் தொழிற்சாலைல தைக்கிறாங்கன்னு பட்டியல வெளியிடுது, எச் அண்ட் எம் 2013லேருந்து, யூனிக்லோவோட தாய்க் கம்பெனி 2017லேருந்து. ராணா பிளாசாவுக்குப் பிறகு தொழிற்சாலை பாதுகாப்பு ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டாங்க, கட்டடங்கள பொறியாளருங்க போய் சோதிச்சாங்க. நம்ம திண்டுக்கல்ல கூட 2022ல ஒரு ஒப்பந்தம் வந்துச்சு, வேல எடத்துல பொண்ணுங்களுக்கு நடக்குற தொந்தரவயும் சாதி வேறுபாட்டயும் தடுக்க, தமிழ்நாட்டுப் பெண் தொழிலாளிங்களோட சங்கமும் தொழிற்சாலை நடத்துறவங்களும் எச் அண்ட் எம் மாதிரி வாங்குற கம்பெனிங்களும் கையெழுத்துப் போட்டது. ஒரு பொண்ணு செத்த பிறகு தான் அது வந்துச்சு, அது வேதனை. ஆனா பெரிய பேர் இருக்குற எடத்துல சங்கம் போய் கேக்க ஒரு கதவு இருக்கு, பேரே இல்லாத துணிக்கு யார்கிட்ட போய் கேக்குறது?

அதுக்கு அண்ணி சொன்னது, "அம்மணி, பட்டியல் போட்டாப் போதுமா? போன வருஷத்த விட பீஸுக்கு அஞ்சு ரூவா கொறைங்கன்னு கேக்குறதும் அவிய தானே?" இதுக்கு என்கிட்ட பதில் இல்ல. அவங்க பேசுனதுல எங்க வீட்ல ஒண்ணு மாறுச்சு, பத்து சட்ட வாங்கலாம்னு இருந்தது ஏழாச்சு. எங்கம்மாவும் ஒண்ணு சொன்னாங்க, அவங்க தச்ச காலத்துல யாராவது வாங்குறத நிறுத்தியிருந்தா மாமாவ படிக்க வச்சிருக்க முடியாதுன்னு, அண்ணியும் அதுக்கு ஒண்ணும் சொல்லல, ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தாங்க.

தேக்காவுக்கு வர்றேன். ஈரச்சந்தைக்கு மேல இருக்குற மாடியில நடந்தா ரெண்டு பக்கமும் சுடிதார், குர்தி, சேலை, நடுவுல நடுவுல மெஷின் போட்டு உக்காந்திருக்குற தையல்காரங்க. நம்ம ஒடம்புக்குன்னு வெட்டுன துணி அங்க கெடைக்கும், விலை பேசலாம், கை வேணும்னா கை, நீளம் வேணும்னா நீளம். "அண்ணே, பக்கவாட்டுல அரை இஞ்ச் பிடிச்சுக் குடுங்க"ன்னு சொன்னா, கீழ போய் டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள முடிஞ்சிரும். ஆர்ச்சர்ட்ல வாங்குன பேன்ட் ரெண்டையும் கூட அங்க தான் மடிச்சுத் தச்சோம், மடிச்சு விட்ட துணிய வெட்ட வேணாம்னு சொல்லிட்டாங்க அம்மா, உள்ளயே இருக்கட்டும், உயரமான ஹீல்ஸ் போட்டா எறக்கிக்கலாம்னு.

குறையும் இருக்கு. நெறைய குர்தில என்ன துணின்னு லேபிளே இருக்காது, பியூர் காட்டன்னு வாயால சொல்றது தான். வீட்டுக்கு வந்து உள்பக்கத் தையல் ஓரத்துலேருந்து ரெண்டு நூல உருவி, சிங்க் மேல இடுக்கில பிடிச்சு பத்த வச்சுப் பாருங்க, பருத்தின்னா காயிதம் எரியுற வாடை வந்து சாம்பலா உதிரும், பாலியஸ்டர்னா உருகி கறுப்பா கெட்டி மணி மாதிரி ஆயிரும். எங்க நாலு குர்தில மூணு பருத்தி, ஒண்ணு கலவை. மொத தடவ தனியாத் தொவைங்க, எங்களோட கரும்பச்ச குர்தி ஒரு வாளித் தண்ணிய பச்சையாக்கிருச்சு. பிடிக்கலன்னு திருப்பிக் குடுக்கப் போனா பெரும்பாலும் எடுக்க மாட்டாங்க, போட்டுப் பாக்க எடமும் திரைச்சீலைக்குப் பின்னாடி ஒரு மூலை தான்.

திருப்பிக் குடுக்குறதப் பத்தி சொல்லும்போது ஒண்ணு ஞாபகம் வருது. ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு சங்கிலிக் கடையில, பேர் வேணாம், தள்ளுபடில வாங்குன பேன்ட் மூணாவது தடவ போட்டப்ப பின்பக்கத் தையல் பிரிஞ்சிருச்சு, நல்லவேள நீளமான சட்ட போட்டிருந்தேன். கவுண்டர்ல இருந்த பையன் தள்ளுபடி சாமானுக்கு மாத்துறதில்லன்னு சொல்ல நானும் வந்துட்டேன். அப்புறம் தான் தெரிஞ்சுது, லெமன் லான்னு ஒரு சட்டம் 2012 செப்டம்பர்லேருந்து இருக்கு, வாங்கி ஆறு மாசத்துக்குள்ள குறை தெரிஞ்சா அது வாங்கும்போதே இருந்த குறைன்னு எடுத்துக்குவாங்க, இல்லன்னு நிரூபிக்க வேண்டியது கடைக்காரங்க பொறுப்பு, சரி பண்ணியோ மாத்தியோ தரணும், தள்ளுபடி சாமானுக்கும் பொருந்தும். ஆனா அளவு சேரல, நெறம் பிடிக்கலன்றதுக்கு அது உதவாது. ரசீத மட்டும் தூக்கிப் போடாதீங்க, போன்ல ஒரு படம் எடுத்து வச்சிடுங்க, அந்தத் தாள்ல எழுத்து சீக்கிரம் மங்கிரும்.

மத்த வழிங்க எல்லாம் யோசிச்சோம். எல்லைக்கு அந்தப் பக்கம் மலேசியாவுல ஜேபில (ஜோகூர் பாரு) அதே கடைங்க இருக்கு, ரிங்கிட் கணக்குல கொஞ்சம் மலிவு தான், ஆனா போயி அன்னிக்கே திரும்புனா 100 வெள்ளி வரைக்கும் தான் ஜிஎஸ்டி விலக்கு, 48 மணி நேரத்துக்கு மேல தங்குனா 500, எல்லைல நிக்கிற நேரத்த நெனச்சு விட்டுட்டோம். இணையத்துல 6 வெள்ளி 7 வெள்ளிக்கு சட்ட வருது, அப்படி விக்கிற ஷீன் கம்பெனியோட தலைமையகமே இப்ப சிங்கப்பூர்ல தான் இருக்கு, வெளிநாட்லேருந்து வர்ற சின்ன பார்சலுக்கும் 2023லேருந்து ஜிஎஸ்டி உண்டு. விலை பிரச்சன இல்ல, இழுத்துப் பாக்காம, உள்பக்கம் திருப்பிப் பாக்காம ஆபீஸ் துணி வாங்க அம்மா ஒத்துக்கல, எனக்கும் மனசு வரல. சின்னவ போன வருஷம் அப்படி வாங்குன ஆறுல நாலு இப்ப தரை தொடைக்கிற துணி, அதுவும் தண்ணிய உறிஞ்ச மாட்டேங்குது. இங்க குப்பையில போற துணி எரிஞ்சு சாம்பல் செமாக்காவ் தீவுல இருக்குற குப்பைக் கெடங்குக்குப் போகுது, அதுவே 2035 வாக்குல நெறஞ்சிரும்னு சொல்றாங்க.

பழைய துணிக் கடைய மட்டும் தயவுசெஞ்சு ஒதுக்காதீங்க. நம்ம ஆளுங்களுக்கு அடுத்தவங்க போட்டதான்னு ஒரு தயக்கம், எனக்கும் இருந்துச்சு. வாட்டர்லூ ஸ்ட்ரீட்ல நியூ டூ யூன்னு பெண்கள் அமைப்புங்களோட மன்றம் நடத்துற கடை இருக்கு, அப்புறம் சால்வேஷன் ஆர்மி கடைங்க. ஆபீஸ் கோட்டு இந்த ஊர்ல யாரும் தேய போடுறதில்ல, குளிருக்கு நாற்காலில மாட்டி வச்சதுதான், அதனால புதுசு மாதிரியே கெடைக்கும். உள்பக்கம் லைனிங் முழுசா இருந்த கறுப்பு பிளேசர் ஒண்ண அம்மா எடுத்தாங்க, 15 வெள்ளி, ட்ரை கிளீனிங் குடுத்தோம், பிள்ள ஆர்ச்சர்ட்ல போட்டு நின்னுச்சே அத விட தோள் நல்லா உக்காந்துச்சு.

கடைசில எங்க கணக்கு: யூனிக்லோல ரெண்டு பேன்ட், ஒண்ணு 49.90, மூணு பிளவுஸ், ஒண்ணு 39.90, தேக்காவுல நாலு குர்தி, ஒண்ணு 28, பேன்ட் ரெண்டும் மடிக்க 12, குர்தி எல்லாம் பிடிக்க 20, பிளேசர் 15. மொத்தம் 378 வெள்ளி 50 காசு, மிச்சத்த பிளேசர் ட்ரை கிளீனிங் எடுத்துக்கிச்சு. இப்ப அஞ்சு மாசம் ஆச்சு. பேன்ட் ரெண்டும் வாரத்துக்கு ரெண்டு தடவ தொவச்சும் அப்படியே இருக்கு, மூணு பிளவுஸ்ல ஒண்ணு கைப்பை உரசுற எடத்துல பஞ்சு உருண்ட கட்டிருச்சு, குர்தில அந்தக் கலவைத் துணி நெறம் மங்கிருச்சு, பருத்தி மூணும் தொவைக்கத் தொவைக்க மெத்துன்னு ஆயிருக்கு. எங்க வீட்ல மறுபடி இதே முடிவு எடுக்கணும்னா, அடிப்படை பேன்ட்ட யூனிக்லோலயே எடுப்பேன், மேல் துணில இன்னும் ஒண்ணு ரெண்ட தேக்காவுக்கு மாத்துவேன், கோட்டுக்கு ஆர்ச்சர்ட் பக்கம் போகவே மாட்டேன். உங்க பிள்ள உயரமா ஒல்லியா இருந்தா எச் அண்ட் எம் பேன்ட் பொருந்தலாம், அப்ப தையல் காசு மிச்சம்.

தீபாவளிக்கு பிள்ள தன் சம்பளத்துல பாட்டிக்கு பிளவுஸ் தச்சுத் தர்றேன்னு சொல்லியிருக்கு, அதுக்கு தேக்கா தையல்காரர்கிட்ட இப்பவே அளவு குடுத்தாச்சு. நீங்களும் தைக்கிறதா இருந்தா சீக்கிரம் குடுத்துருங்க, சிராங்கூன் ரோட்ல வெளக்கு போட்ட பிறகு போனா அவரு தலைய நிமிந்தே பாக்க மாட்டாரு, கழுத்துல டேப்போட "அடுத்த வாரம் சொல்றேம்மா"ன்னு தான் பதில் வரும்.